என் ‘ஓம்’ சம்மதம் அல்ல

மதிப்புக்குரிய லீசிங் கம்பனி முகாமையாளர் ஐயா அவர்களுக்கு,

பெரியகல்லாற்றிலிருந்து அழகரத்தினம் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் மனைவி வதனியும் சுகம். தாங்களும், ஒருநாளும் களைக்காத தங்கள் தொலைபேசியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஐயா, நான் ரதீஸ் இல்லை. முப்பது வருடம் தபால்காரனாக இருந்தவன். என் கையால் ஒரு கடிதமும் வீடு மாறிப் போனதில்லை. தை மாதம் புது சிம் வாங்கினேன். அந்த இலக்கம் முன்பு, உங்களிடம் தவணைக்கு ஓட்டோ எடுத்து, காசு கட்டாமல் எங்கேயோ போய்விட்ட ரதீஸிடம் இருந்ததாம். முதல்நாள் உங்கள் கந்தோரில் கோல் எடுக்கிற பிள்ளை, “ரதீஸா பேசுறீங்க?” என்று கேட்டா. “ஓம், சொல்லுங்க மகள்” என்றேன். போனைக் காதில் வைத்ததும் எங்கள் பக்கத்து வாயில் தன்பாட்டில் வருகிற ஓம் அது. கேட்கிறேன் என்றுதான் அர்த்தம். “தவணைக் காசு கட்டுவீங்களா?” “ஓம்.” “வெள்ளிக்கிழமைக்குள்ள?” “ஓம் ஓம்.” எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறீர்களாம். வதனி சிரிக்கிறா: “ஓம் போட்டுத்தானே என்னையும் கட்டினீங்க!”

சிம்மை மாற்றச் சொல்கிறா உங்கள் பிள்ளை. அதுதான் ஏலாது. ரதீஸின் தாய், களுதாவளைக் கண்ணகையம்மா, பின்னேரம் ஆறு மணிக்கு இதே இலக்கத்துக்குக் கோல் எடுப்பா. தனியாள். முதல்முறை, “மனே, நீதானே?” என்றா. பாழாய்ப்போன ஓம் வாயில் வந்துவிட்டது. அந்த மனிசி அழுத அழுகையில் “இல்லையம்மா” என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை. மறுகா ஒவ்வொரு நாளும், “சாப்பிட்டயா மனே?” “ஓம்மா, நீங்க சாப்பிட்டயளா?” இவ்வளவுதான் பேச்சு. ஐந்தரைக்கே வதனி போனைச் சார்ஜில் போட்டுவிடுவா. இந்த இலக்கம் போனால் அந்த மனிசிக்கு மகன் இல்லை. ஆகவே சிம் இருக்கட்டும், உங்கள் கோல்களை நிறுத்துங்கள்.

தங்கள் தொழில் சிறக்கவும், உங்கள் பிள்ளைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் சரிவரவும் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
ரதீஸ் அல்லாத
க. அழகரத்தினம்

பி.கு: கடிதத்தை ஒட்டப் போனேன், மணி ஆறு. கண்ணகையம்மா எடுத்தா. “தம்பி, நீங்க என்ட மகன் இல்லையெண்டு ரெண்டாம் நாளே தெரியும். நீங்க சாப்பிட்டயளா எண்டு அவன் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்ல. லீசிங்காரர் வந்து, இது மகன்ட நம்பர்தானா எண்டு கேட்டாங்க. நானும் ஓம் எண்டுட்டன். அவங்க உங்களுக்குக் கோல் எடுக்கிறதால இப்ப என்ட வாசலுக்கு வாறாங்க இல்ல. குறை நினைக்காதீங்க மனே.”

ஐயா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அந்த வாசலுக்குப் போகவேண்டாம். இனி ஆர் கேட்டாலும் ஓம், ரதீஸ் நான்தான். எனக்கே எடுங்கள். ஆறு மணிக்கு மட்டும் வேண்டாம். அந்த நேரம் அம்மா எடுப்பா.