மின்விசிறியில் ஏறிய ரொட்டி

ஈப்போ.

மதிப்பும் பாசமும் மிக்க மச்சான் ஹாஜி சம்சுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை லத்தீபாவும் சுகம். கடையும் சுகம். தெலுக் இந்தானில் உங்கள் வீட்டாரும் மருமகள் ரஸ்னாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உங்கள் கோபம் மட்டும் கொஞ்சம் சுகம் குறைந்திருக்கலாம்.

நேற்றுத் தொலைபேசியில், "ரிஹேப்ல இருந்து வந்த பயலுக்கு என் மகளக் கட்டிக் கொடுக்க முடியாது லா! அடுத்த மாசக் கல்யாணம் நின்னது நின்னதுதான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என் மகன் அக்மல் போதைப்பொருளைக் கண்ணால்கூடப் பார்த்தவனில்லை மச்சான். அவன் இருந்தது வேறு மாதிரியான ரிஹேப். புகழ் தலைக்கேறியவர்களை இறக்கி அனுப்பும் இடம். சந்தையில் யார் உங்களிடம் சொன்னாரோ, அவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கடையில் நல்ல கூட்டம். அக்மல் ரொட்டி சானாய்க்கு மாவு வீசிக்கொண்டிருந்தான். கை தவறி மாவு மேலே போய் மின்விசிறியின் இறக்கையில் ஒட்டிக்கொண்டது. சில சுற்றுச் சுற்றிவிட்டு, சூடாக இருந்த ரொட்டிக் கல்லின் நடுவில் வந்து விழுந்தது. விழும்போது வட்டமாகவே விழுந்தது. அதை யாரோ ஒரு கல்லூரிப் பெண் கைப்பேசியில் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். மறுநாள் காலை கடை வாசலில் வரிசை. அடுத்த வாரம், இவனுக்கு விளம்பரமும் மேடையும் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு மேனேஜர் வந்தார். கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாத மனிதர். அதன் பிறகு என் மகன் எனக்கு மகனாக இல்லை. கையில் வெயில் படக்கூடாது என்று உறை போட்டுக்கொண்டான். கிளாஸ் கழுவச் சொன்னால், "அத்தா, இந்தக் கை இப்ப பப்ளிக்கு சொந்தம்" என்பான். தலைமுடி எண்ணெய்க் கம்பெனி ஒன்று அவனை விளம்பரத்துக்கு எடுத்தது. ஆயர் தாவாரில் அவர்கள் கடையைத் திறந்து வைக்கப் போனபோது, ஸ்டைல் என்று அன்று காலைதான் மொட்டை அடித்திருந்தான். காலையில் அறையை விட்டு வரும்போது யாராவது கை தட்டினால்தான் பசியாறுவான். உங்கள் தங்கை முதலில் முறைத்தாள். பிறகு பெற்ற மனம் கேட்காமல், கரண்டியால் சட்டியைத் தட்டினாள்.

பிறகு கோலாலம்பூரில் பெரிய மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி. மேடையில் இவனுக்கென்றே ஒரு மின்விசிறி. முதல் ரொட்டி போய் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. இரண்டாவது, முன்வரிசைப் பிரமுகரின் சொங்கோக் தொப்பிமேல் விழுந்தது. மூன்றாவது மேனேஜரின் கறுப்புக் கண்ணாடியை மூடியது. அப்படியே எழுந்து போனவர்தான், திரும்பவில்லை. ஜனங்களும் மறுநாளே மலாய் பேசும் ஒரு மைனாவைப் பார்க்கப் போய்விட்டார்கள். அக்மல் கடைக்கு வந்து மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, அண்ணாந்து பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டான். "பாஸ், உங்க மகன் ஃபேன் ரிப்பேர் பண்றவரா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். பயம் வந்தது.

எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தத்தில் மன ஓய்வுக்கான செலவும் சேர்ந்திருந்ததாம். அதில்தான் அவனை அனுப்பினோம். லகாட் தாண்டி, பழைய ரப்பர் தோட்டத்தில் துரை குடியிருந்த பங்களா. இப்போது நீச்சல் குளம், வெள்ளைக் குடை, நடக்கும்போது சத்தம் கேட்காத செருப்பு. கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். டாக்டர் மாதுமை என்ற அம்மையார்தான் தலைவி. யாழ்ப்பாணத்துக் குடும்பம், குரல் உயராத பெண்மணி.

உறவினர் பார்க்கும் நாளில் போனேன். அங்கே என்ன சிகிச்சை தெரியுமா? தோட்டத்தில் ஒரு பொய்க்கடை போட்டிருக்கிறார்கள்! நாடக நடிகை மேசை துடைக்கிறார். பாடகர் ஒருவர் தே தாரிக் டீயை இழுத்து ஆற்றுகிறார். என் மகன், நான் மூன்று மாதம் கெஞ்சியும் தொடாதவன், கிளாஸ் கழுவுகிறான். "முகத்தப் பாக்காம வேலை வாங்கிறதுதான் இங்க மருந்து" என்றார் டாக்டர். எனக்குத் தலை சுற்றியது. "இதைத்தானே அம்மா நான் வீட்டிலேயே சொன்னேன்!" என்றேன்.

பேசாமல் உட்காரத்தான் நினைத்தேன். ஆனால் கடைக்காரன் கண் சும்மா இருக்குமா? நடிகை தட்டைத் தூக்காமல் சுற்றிச் சுற்றித் துடைக்கிறார். என்னையறியாமல் சத்தம் போட்டுவிட்டேன்: "ஏம்மா, மேசை துடைக்கிறியா, மேசைக்குப் பவுடர் போடுறியா? தட்டத் தூக்கு!" நடிகை கண்ணில் தண்ணீர். மன்னிப்புக் கேட்க எழுந்தேன்.

"இல்ல அங்கிள், இன்னும் ஏசுங்க. மூணு வருசமா என்னை யாருமே ஏசல."

"எனக்கும் அங்கிள்" என்று பாடகர் வந்து நின்றார். அவர் பூத்தொட்டிக்குள் கைப்பேசி ஒளித்து வைத்திருந்ததை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். அதற்கும் சேர்த்துக் கொடுத்தேன். ஆளாளுக்கு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் குறிப்பெடுத்தார்.

கடைசியில் அக்மல் நின்றான். அவனை ஏச எனக்கு வாய் வரவில்லை. அவனே பேசினான்: "அத்தா, அன்னைக்கு ரொட்டி கை தவறித்தான் மேல போச்சு. தப்புக்குத்தான் எல்லாரும் கை தட்டுனாங்க. சரியா போட்ட ரொட்டிக்கு எவனும் தட்டல." நான் அவன் கையைப் பிடித்தேன். கிளாஸ் கழுவி விரல் சுருங்கியிருந்தது. அந்தக் கையைத் துடைத்துவிட்டேன்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். மாவு தாடைக்கு மேலே போவதில்லை. உங்கள் தங்கை பழக்கத்தில் சட்டியைத் தட்டினால், "வேணாம்மா, காது வலிக்குது" என்கிறான். இப்படிப்பட்ட பிள்ளை ரஸ்னாவுக்கு எங்கே கிடைப்பான்? கல்யாணத்தை நிறுத்தாதீர்கள். சின்னதாக, உறவுக்குள், ஒரு கேமராகூட இல்லாமல் செய்வோம். புகழ் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டாது. இது உங்கள் தங்கை புருஷனின் வாக்கு.

உங்கள் குடும்பத்துக்கும் உங்கள் ரத்தக்கொதிப்புக்கும் அல்லாஹ் நல்ல சுகம் தரட்டும். வஸ்ஸலாம்.

அன்புடன்,
அப்துல் நாசர்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் நான்கு நாள் ஓடிவிட்டது, மன்னிக்கவும். அதற்குள் அந்தப் பாடகர், அன்று பூத்தொட்டிக் கைப்பேசியில் பிடித்த என் ஏச்சை அப்படியே வெளியிட்டுவிட்டார். கடை வாசலில் இப்போது மறுபடியும் வரிசை. ரொட்டிக்கு அல்ல, ஏச்சுக்கு. "அங்கிள், எங்க மாமியாரக் கூட்டியாந்திருக்கேன், நல்லா குடுங்க லா" என்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி மேனேஜரும் திரும்பிவிட்டார். நல்ல மனிதர், மேலே அவசரப்பட்டு எழுதிவிட்டேன். கேமரா பற்றி எழுதியதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். நிக்காஹ் நேரடி ஒளிபரப்பு. சபையில் நான் சம்பந்தியான உங்களை ஏசினால் எடுபடுமாம். பயப்படாதீர்கள், ஒத்திகை உண்டு. இன்று காலை லத்தீபா எனக்குச் சட்டியைத் தட்ட மறுத்துவிட்டாள். நான் இன்னும் பசியாறவில்லை.

இன்னொன்று. நான் மேலே இவ்வளவு கெஞ்சியது வீண். கல்யாணத்தை மாப்பிள்ளையே தள்ளி வைத்துவிட்டான். ரஸ்னாவும் சரியென்றாளாம். டாக்டர் மாதுமையிடம் எனக்கு ஓர் அறை சொல்லியிருக்கிறான்: "அத்தா குணமாகி வரட்டும். அப்புறம் நிக்காஹ்."