புதன்கிழமைக்கு எந்தச் சாமி?

நெய்வேலி,
ஐப்பசி 12, 1964

நெல்லிக்குப்பம் சம்பந்தியம்மாள் பட்டம்மாளுக்குத் தனகோட்டி எழுதிக்கொண்டது. இங்கு நான் மூட்டுவலியோடு நலம். உங்கள் நலத்துக்கு ஒரு குறைவும் இல்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிந்தது.

என் பேத்தி அமிர்தத்துக்கு மூன்று வருஷமாகப் பிள்ளை இல்லை, அதனால் உங்கள் மகன் சிவப்பிரகாசத்துக்கு வடக்குத்து ஊரில் வேறு பெண் பேசிவிட்டேன், தையில் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கே பஸ் ஏறி இவர்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். நான் படித்தது இரண்டாம் வகுப்பு, ஆனால் மறதி கிடையாது; கல்யாணப் பந்தியில் என் இலைக்கு மட்டும் அப்பளம் வராததுகூட நினைவிருக்கிறது. அமிர்தம் தாயில்லாப் பிள்ளை, என் மகள் இவளைப் பெற்ற மூன்றாம் நாளே போய்விட்டாள், வளர்த்தது நான். நீங்கள் சொன்ன கோயிலில் எல்லாம் தொட்டில் கட்டினாள், மண்சோறு தின்றாள். அரச மரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதைதான். உங்கள் மகன் வாசல் பக்கம் அல்லவா பாய் போட்டுப் படுக்கிறான்! மூன்று வருஷமாகவே இப்படித்தான் என்று எதிர் பிளாக் வீராயி சொல்கிறாள். கேட்டால் விரதமாம். திங்கள் சிவனுக்காம், செவ்வாய் முருகனுக்காம், வியாழன் குருவுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, ஞாயிறு சூரியனுக்கு. வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டேன்.

“ஏம்பா, புதங்கெழமைக்கு எந்தச் சாமி?”

“புதங்கெழமை நைட் ஷிப்டுங்க ஆயா.”

“அடுத்த வாரம்?”

“அடுத்த புதன் கிருத்திகைங்க.”

விதைக்காதவனை விட்டுவிட்டு நிலத்தைத் திட்டுகிறீர்கள். இன்னொருத்தியைக் கொண்டுவந்தால் அவளும் அந்தப் பாயைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். முதல் பெண்சாதி இருக்க இன்னொன்று கட்டினால் அவனுடைய பர்மனன்ட் வேலையும் போகும். கம்பெனிக்கு மனு எழுத எனக்குக் கை வரும்.

உங்கள் எருமை முதல் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். அம்மன் உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் கொடுக்கட்டும், அந்த வரிசையில்.

தனகோட்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது அமிர்தம் பிடுங்கிப் படித்துவிட்டு அழுதாள்.

“அவரு வெரதக்காரரு இல்ல ஆயா. நான்தான் இன்னைக்கு இந்தச் சாமி நாளுன்னு கெழம சொல்லுவேன். அவரு பேசாம பாயை எடுத்துக்கினு போயிடுவாரு. என்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் ஷிப்டு, கிருத்திகைன்னு சொல்லிக்கினு இருக்காரு.”

“ஏண்டி அப்படிச் சொன்ன?”

“வெள்ளிக்கெழமைன்னு பாக்காம ஒங்கப்பன் தொட்டான், அம்மன் ஒங்கம்மாள எடுத்துக்கினான்னு கல்யாணத்துக்கு மொத நாளு நீதான சொன்ன?”

சொன்னேன். என் மருமகன்மேல் இருந்த ஆத்திரத்தில் சொன்னேன்.

“வெள்ளிதானடி சொன்னேன். மத்த நாளுக்கு என்ன?”

“எந்த நாளு எந்தச் சாமிக்குக் கோவம் வரும்னு யாருக்கு ஆயா தெரியும்?”

மேலே உங்கள் மகனைத் திட்டியிருப்பதை விட்டுவிட்டுப் படிக்கவும். வேறு காகிதம் இல்லை. தைக் கல்யாணப் பேச்சை நிறுத்தி வையுங்கள், காலில் விழுகிறேன். நான் சொன்னது பொய்யடி என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் அம்மா எதனால் செத்தாள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.