மாலை போட்டும் ஊரைவிட்டுப் போகாதவன்

மாலை போட்டு, சால்வை போர்த்தி, மேளம் அடித்து, சரவெடி வெடித்து ஊரே வழியனுப்பி வைத்த பிறகு, மறுநாள் காலையில் அதே ஊரில் பால் பாக்கெட் வாங்க நின்ற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நெய்வேலிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவன் நான்தான்.

என் மனைவி செல்வி முத்தாண்டிக்குப்பத்துப் பெண். நர்ஸ். கல்யாணத்துக்கு முன்பே ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய், அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிவிட்டவள். லீவு போட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள், லீவு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டாள். கணவன் என்ற முறையில் நானும் அங்கே குடியேற விண்ணப்பம் போட்டோம். (எங்கள் சொந்தத்தில் பெண்ணைத்தான் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். பையனை அனுப்பிவைக்க வெளிநாட்டு அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்துக்கிடந்த முதல் குடும்பம் எங்களுடையதுதான்.)

காத்திருந்தோம். பல் தேய்ப்பதற்கு முன்னால் செல்போனில் அந்த இணையதளத்தைத் திறந்து பார்ப்பேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று இருக்கும். தீபாவளிக்கும் அதே, பொங்கலுக்கும் அதே. நடுவில், சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சுற்றுலா விசா கேட்டேன். போனால் திரும்பி வரமாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ, மறுத்துவிட்டார்கள். (அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.)

அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊரான வடக்குத்தில் கட்டிய சொந்த வீட்டில் இருந்தோம். நான் டவுன்ஷிப்பில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவதற்குள் டீக்கடை, சலூன், மளிகைக்கடை, செக்யூரிட்டி என்று எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "இன்னா தம்பி, வந்துச்சா?" எனக்கு இயல்பிலேயே கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வரவில்லை என்று ஒருவருக்குச் சொல்லி முடித்துத் திரும்பினால், பக்கத்தில் நிற்பவர் அதைக் காதால் கேட்டுவிட்டும் "அப்ப வரலியா?" என்பார். கடைசியில் சலூனுக்குப் போவதையே விட்டுவிட்டேன். தலைமுடி காதை மூடியபோது, "பொண்டாட்டிய நெனச்சு சாமியாரா பூடுவான் போலக்கீது" என்று அதற்கும் ஒரு பேச்சு.

செல்வியின் நிலைமை இதைவிட மோசம். எனக்காவது எரிச்சல்பட ஊர் இருந்தது. அவள் வேலை முடிந்து ஒரு வெறும் வீட்டுக்குத் திரும்புவாள். சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி வாங்கி வைத்திருந்தாள். ஒருநாள் வீடியோவில் பேசும்போது, இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி மலை மாதிரி குவிந்திருந்தது.

"அது என் நாற்காலி இல்ல?" என்றேன்.

"ஆமாங்க. நீங்க வர்ற வரைக்கும் துணி உக்காந்துகினு இருக்கு. நீங்க வந்து அதுங்கிட்ட எடம் கேட்டுக்குங்க."

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு நிற்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தத் துணி மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு மின்னஞ்சல் வந்தது. மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். விஷயம் இதுதான். விண்ணப்பம் போட்டபோதே, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாங்களாகவே பரிசோதனை செய்து சேர்த்திருந்தோம். அதற்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அவர்கள் என் விண்ணப்பத்தை எடுத்துப் பார்ப்பதற்குள் அது காலாவதியாகிவிட்டது. ஆக, மறுபடி எடு என்று சொன்னால், இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிடும்போது சொன்னேன்.

"மெடிக்கல் எடுக்கச் சொல்லியிருக்காங்கப்பா."

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டார். "மெடிக்கலுக்குக் கூப்ட்டுட்டானா?"

நெய்வேலியில் வளராதவர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறலாம், நேர்முகத்தில் தேறலாம், யாரும் நம்ப மாட்டார்கள். மெடிக்கலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் முடிந்தது. அன்றைக்கே ஸ்வீட் வாங்குவார்கள், பெண் வீட்டார் ஜாதகம் எடுத்துக்கொண்டு வருவார்கள். வேலைக்கான ஆர்டர் பின்னால் ஆடி அசைந்து வரும், அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அப்பா பல வருஷம் காண்ட்ராக்டில் மண் அள்ளிவிட்டு, மெடிக்கலுக்குப் போய் பெர்மனென்ட் ஆனவர்.

"அதில்லப்பா, போன வருஷமே எடுத்தோமே, அது காலாவதி ஆயிடுச்சு. அதனாலதான்..."

"அப்ப நீயா போன. இப்ப அவன் கூப்புடுறான். ரெண்டும் ஒண்ணா?"

"அப்பா..."

"வாத்தியாரா இருந்து இன்னாடா புண்ணியம், இது தெரியல?" என்று எழுந்து கை கழுவிவிட்டார். அம்மா ஏற்கெனவே பாயசத்துக்கு ஜவ்வரிசி தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் சென்னைக்குப் போய்ப் பரிசோதனையை முடித்தேன். நண்பன் அறையில் தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, மதியம் தாண்டி நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். கசங்கிய சட்டை, ரத்தம் எடுத்த இடத்தில் பிளாஸ்திரி, காதை மூடிய முடி. இறங்கியதுமே மேளம் அடித்தார்கள். யாரோ கட்சிக்காரர் வருகிறார் போல என்று ஒதுங்கி நின்றேன். (பணிவு! மேளம் எனக்குத்தான் என்று அப்போதும் தெரியவில்லை.)

வாழைக்கன்று கட்டிய ஒரு வேன். முன்னால் டிரம் செட். அப்பாவோடு ஷிஃப்ட் பார்த்த ஆட்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில். அவர்களுக்குத் தலைமை, இன்னும் சர்வீஸில் இருக்கும் தண்டபாணி சித்தப்பா. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. மண் வெட்டும் பெரிய இயந்திரத்தின் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவர், இயந்திரத்தை மிஞ்சிப் பேசித்தான் பழக்கம். அவர் என்னை அப்படியே அள்ளி வேனில் ஏற்றி மாலையைப் போட்டார்.

எங்கள் ஊரில் ஒருவர் ரிட்டயர் ஆனால், கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, மேளத்தோடு வேனில் ஏற்றி வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். ஒரு மனிதனை வழியனுப்ப அவர்களுக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அதை எனக்குச் செய்தார்கள். முப்பத்திரண்டு வயதில் நான் ரிட்டயர் ஆனேன்.

"சித்தப்பா, விசா இன்னும் வரல!" என்று கத்தினேன்.

"தெரியும்டா! மெடிக்கல் முடிஞ்சிதுல்ல? ஆர்டர் வந்தா ஒடனே ஏறுன்னுடுவான், அப்ப மேளத்துக்கு எங்க போறது? இன்னிக்கு மேளம் காலியா இருந்துது, சொல்லிட்டேன்."

வேனிலிருந்து குதித்து ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது சித்தப்பா இன்னொரு மாலையை எடுத்தார். அதை ஏற்கெனவே வேனில் ஏறி என் பக்கத்தில் நின்ற அப்பாவுக்குப் போட்டார். "உங்களுக்குத்தான் அன்னிக்குப் போட முடியாமப் போச்சுண்ணே" என்றார்.

அப்பா ரிட்டயர் ஆனது ஊரடங்கு நேரத்தில். மாலை இல்லை, மேளம் இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு தன் பழைய ஸ்கூட்டரில் தனியாக வீட்டுக்கு வந்து, வாசலில் வைத்திருந்த சோப்பில் கை கழுவிவிட்டு, "முடிஞ்சிது" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இப்போது மாலை கழுத்தில் விழுந்ததும், தலையை நிமிர்த்தி, வேனின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் குதிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

வேன் டவுன்ஷிப்பை முழுசாகச் சுற்றியது. நான் குறுக்குச் சந்தில் போய் ஒளிந்த கடைகள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று நின்று போனது. சலூன்காரர் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். என் பள்ளி ஹெட்மாஸ்டர் வழியில் நிறுத்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கொடுத்து, "உங்க கிளாஸுக்கு ஆள் பார்த்துட்டோம் சார், கவலைப்படாமப் போங்க" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சித்தப்பா தன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வீடியோவில் செல்வி.

மேளச் சத்தத்தில் அவள் சொன்னது எதுவும் கேட்கவில்லை. ஆனால் முகம் தெரிந்தது. என் மாலையைப் பார்த்தாள், மேளத்தைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. நான் இல்லை இல்லை என்று கையை ஆட்டினேன். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் ஆட்டினாள். சித்தப்பா, "பாத்துட்டல்ல தாயி? வெச்சிடுறேன்!" என்று வைத்துவிட்டார்.

வடக்குத்து வீட்டில் அம்மா ஆரத்தி எடுத்து, வந்தவர்கள் பாயசம் குடித்து, எல்லோரும் போவதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. உடனே அவளைக் கூப்பிட்டேன்.

"செல்வி, விசா வரல" என்றேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. "பழைய மெடிக்கல் காலாவதியாயிடுச்சு, புதுசு எடுத்தேன், அவ்ளோதான். இவங்களா மேளம் வெச்சுட்டாங்க."

ஊரையும் மேளத்தையும் என்னையும் சேர்த்துத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"துணியெல்லாம் மடிச்சு வெச்சுட்டேங்க" என்றாள் கடைசியில். "உங்க நாற்காலியத் தொடச்சி வெச்சுட்டு, எதிர்ல உக்காந்துகினு இருந்தேன். இவ்ளோ நேரம் நீங்க வந்துட்ட மாதிரியே இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினாள். "பரவால்லங்க. இனிமே அதுல துணி போட மாட்டேன். காலியாவே இருக்கட்டும், நீங்க வர்ற வரைக்கும்."

திரும்பினால் வாசற்படியில் அப்பா. மாலையைக் கழற்றாமல் நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அங்க மெடிக்கல்னா முடிஞ்சிபோச்சுன்னு இல்லியா?"

"அங்க அப்படி இல்லப்பா."

மெதுவாக மாலையைக் கழற்றினார். "மெடிக்கல் லெட்டர் கைக்கு வந்தப்புறந்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாங்க. அதுவரைக்கும் உங்கம்மா வூட்டு வாசல்ல என்னை நிக்கக்கூட வுடல" என்றார். "உனக்கும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன்டா. பொண்டாட்டிகிட்ட போய்ச் சேந்துட்டன்னு நெனச்சிட்டேன்." போனை வாங்கி, "மன்னிச்சிக்கம்மா" என்றார்.

"ஐயோ மாமா, நீங்க வேற! அவருக்கு மாலை எடுபடவே இல்ல. உங்களுக்குத்தான் சூப்பரா இருந்துச்சு" என்றாள் செல்வி.

அப்பா சிரித்தது எனக்குக் கேட்டது. இதனால்தான் இந்தப் பெண்ணுக்காக எத்தனை வருஷமானாலும் காத்திருக்கலாம் என்று இருந்தேன்.

மறுநாள் பால் வாங்கப் போனேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "போவலியா?" என்று ஒரே ஒருவர்தான் கேட்டார். பள்ளியில் என் வகுப்பில் புது வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஹெட்மாஸ்டர் என்னை விளையாட்டுப் பீரியடுக்கு அனுப்பினார். பிள்ளைகள் எனக்கு 'ஆஸ்திரேலியா சார்' என்று பெயர் வைத்தார்கள். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "எப்படியும் போவீங்க, வெச்சுக்குங்க" என்றார், ஆனால் அந்த 'எப்படியும்' என்ற வார்த்தையில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

மாதங்கள் ஓடின. மறுபடி தீபாவளி வந்தது. அதற்கப்புறம் ஒருநாள், நான் மைதானத்தில் விசிலோடு நிற்கும்போது, விசா உண்மையிலேயே வந்தது. விசிலை ஊதிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். ஒருவரும் நம்பவில்லை. அப்பா, "பிரிண்ட் எடுத்து கையில குடு, அப்புறம் பேசு" என்றார். தண்டபாணி சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "உன்னத்தான் அப்பவே அனுப்பி வெச்சாச்சேப்பா! ஒரு ஆளுக்கு ஒருக்கா தான்" என்றுவிட்டார். ஆர்ச் கேட்டில் என்னை பஸ் ஏற்றிவிட அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் வந்தார்கள். மேளம் இல்லாதது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பஸ் திரும்பும்வரை கை ஆட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அந்த நாற்காலி என்னுடையது. ஆனால் எங்கள் குடும்பத்தில் 'மெடிக்கல்' என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. மேகம் கறுத்து மழை வராமல் போனால், "மெடிக்கல் ஆயிடுச்சு, ஆர்டர் வரல" என்பாள் அம்மா. குக்கர் ஒரு விசில் விட்டுச் சும்மா இருந்தால் செல்வியும் அதையேதான் சொல்கிறாள்.

போன மாதம், எங்களோடு வந்து தங்குவதற்கு அப்பா அம்மாவுக்கு விசா விண்ணப்பம் போட்டோம். நேற்று அப்பா போன் செய்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"டேய், எங்க ரெண்டு பேரையும் மெடிக்கலுக்குக் கூப்ட்டுருக்கான்."

"அப்புறம் என்னப்பா, முடிஞ்சிபோச்சு!" என்றேன்.

"கத்தாதடா. தண்டபாணி வெளில நிக்கிறான். காதுல வுழுந்துதுன்னா வேன் புடிச்சிடுவான்."

போனை வைத்ததுமே செல்வி கடைக்குப் போய் இன்னும் இரண்டு நாற்காலி வாங்கி வந்து மேசையோடு போட்டுவிட்டாள். அவற்றின் மேல் துணி போடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.