கச்சாயமும் கைவிட்ட பல்பும்

ரேடியோவைக் கடையில் வாங்குகிறவர்கள் பாட்டுக் கேட்பார்கள். சொந்தமாகச் செய்கிறவர்கள் அதைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டே இருப்பார்கள். நான் இரண்டாவது ரகம்.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தேன். பரீட்சை எழுதி அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தேன். அதாவது, வீட்டிலிருந்தபடியே வானலையில் மற்ற லைசென்ஸ்காரர்களோடு பேசலாம். கருவியையும் நானே செய்தேன். கேட்பதில் குறையே இல்லை. பெங்களூர், கொச்சி எல்லாம் கணீரென்று கேட்டது. பேசுவதில்தான் வினை. ஏரியலுக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டிப் பேச்சு சுவிட்சை அழுத்தினால், பல்பு எரிகிற அளவைப் பார்த்து எவ்வளவு பவர் வெளியே போகிறது என்று சொல்லிவிடலாம். கையில் கிடைத்த ஒரு பல்பை மாட்டினேன். அது ஊதுபத்தி நுனி மாதிரி சிவந்ததோடு சரி.

டிரான்சிஸ்டரை மாற்றினேன். காயில் கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினேன். சால்டரிங் பூராவையும் உருக்கித் திரும்ப வைத்தேன். (மூக்கில் சூடு வைத்துக்கொண்டது தனிக்கதை.) பல்பு அசைந்து கொடுக்கவில்லை. "ஏனுங்க, அதுக்கு மந்திரிச்சு ஒரு கயிறு கட்டிப் பாருங்களேன்" என்றாள் என் மனைவி சாந்தாமணி.

அந்தச் சமயத்தில்தான் அவள் தங்கை கோகிலாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாமனார் வீட்டில் இடம் போதாதென்று, எங்கள் வீட்டை ஒட்டிய காலி சைட்டில் பந்தலும் மைக் செட்டும் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பொள்ளாச்சியிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாமனார் பலகாரம் நிறைந்த ஒரு தூக்குப்போசியைத் திறந்து நீட்டினார்.

"கச்சாயமுங்க. எங்க கோகிலா கைப்படச் சுட்டதுங்க."

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒன்றுக்கு நாலாகத் தின்றுவிட்டு, "கைமணம்னா இதானுங்க!" என்று சர்டிபிகேட் கொடுத்தார்.

தட்டு மாற்றும் நேரம் வரக் கொஞ்சம் இருந்தது. எனக்கோ கை அரித்தது. மதுக்கரையில் ராமசாமி என்று ஒரு ரேடியோ நண்பர். "பல்பை நம்பாதீங்க, ஞாயித்துக்கெழமை காலைல ஏரியல்லயே மாட்டிப் பேசுங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். மாடி அறைக்கு நழுவினேன். பந்தல் சத்தம் உள்ளே வராமல் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவிட்சை அழுத்தினேன்.

"ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ..."

எவ்வளவு நேரம்தான் எண்ணுவது? இந்தப் பவருக்கு எதிர்வீட்டுக் காக்காய்க்குக்கூடக் கேட்காது என்ற தைரியத்தில் வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தேன்.

"ஏனுங்க ராமசாமி, கேக்குதுங்களா? இன்னைக்கு எங்க கொழுந்தியாளுக்கு நிச்சயமுங்க. அந்தப் புள்ளைக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாதுங்க. கச்சாயம் காந்திபுரத்துக் கடையிலதுங்க. வாங்கியாந்ததே நான்தானுங்க. தூக்குப்போசிக்கு மாத்துனது எங்க மாமனாருங்க. மாப்பிள்ளையோட பெரியப்பா இருக்காரு பாருங்க, தட்டு மாத்தறதுக்குள்ள போசியவே முழுங்கிப்போடுவாரு போல..."

கதவு இடிபட்டது. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுத் திறந்தால், சாந்தாமணி மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்க பேசறது பூராவும் பந்தல்ல கேக்குதுங்க!"

"பந்தல்லயா? பவரே இல்லையே!"

"மைக்க அணைச்சும் நிக்கலீங்க!"

என் ஏரியல் கம்பிக்கு நேர் கீழே, பந்தல் நீளத்துக்கு மைக் செட்டின் ஒயர் ஓடியிருக்கிறது. அது என் குரலை அள்ளிக்கொண்டு போய் இரண்டு குழாய் ஸ்பீக்கரிலும் கொட்டியிருக்கிறது. அப்போது ஹெட்போனுக்குள் ராமசாமி கத்தினார். (நான் சுவிட்சை விட்டால்தானே அவர் பேச முடியும்!)

"போதுமுங்க, நிறுத்துங்க! பவருக்கு ஒரு கொறையும் இல்லீங்க, இடி மாதிரிக் கேக்குது. எந்தப் பல்புல பாத்தீங்க?"

பழக்க தோஷம். சுவிட்சை அழுத்தித் தெளிவாகப் பதில் சொன்னேன்.

"எங்க மாமனார் கார் ஹெட்லைட் பல்புங்க. அவருக்குத் தெரியாமக் கழட்டியாந்தனுங்க."

அதுவும் பந்தலில் கேட்டது. ஒற்றை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்த தன் அம்பாசடருக்காக ஒர்க்‌ஷாப்காரரைத் திட்டித் தீர்த்திருந்தார் மாமனார்.

"அட சாமி! அத்தனை பெரிய பல்பு இந்தப் பவருக்கு எப்படிங்க எரியும்? சின்ன பல்பா மாட்டியிருந்தா பளிச்சுனு எரிஞ்சிருக்குமே!" என்றார் ராமசாமி.

கீழே இறங்கிப் போனேன். பந்தலில் பெரியப்பா பாதிக் கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தின்பதா வைப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மாமனார் என்னைப் பார்க்கவில்லை, ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தே விட்டார்.

அதுவரை தலை நிமிராத கோகிலா மாப்பிள்ளையைப் பார்த்து, "நெசந்தானுங்க. எனக்குச் சுடத் தெரியாதுங்க" என்றாள்.

"எனக்குச் சுடத் தெரியுமுங்க" என்றார் மாப்பிள்ளை.

முதலில் சிரித்தவர் பெரியப்பாதான். வாயில் கச்சாயத்தோடு சிரித்ததில் புரையேறி, அவர் தலையில் தட்ட, கிளம்ப எழுந்த மாப்பிள்ளையின் அப்பாவே ஓட வேண்டியதாயிற்று. தட்டு மாறியது. நான் அன்றே பல்பை மாட்டிக் கொடுத்தேன். மாமனார் என்னோடு பேசத்தான் பல மாதமாயிற்று.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாராவது பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்டால், கையை மைக் மாதிரி வாயருகே வைத்துக்கொண்டு, "ஏனுங்க ராமசாமி, கேக்குதுங்களா?" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பெரியப்பா ஆரம்பித்து வைத்தது, இன்றுவரை நிற்கவில்லை. போன தீபாவளிக்கு, புதிதாக வந்த எங்கள் மருமகள் இதைக் கேட்டுவிட்டு, இலைக்கு முன்னால் பயபக்தியோடு கைகூப்பினாள். பிறகு சாந்தாமணியிடம் மெல்லக் கேட்டாள்:

"ஏனுங்க அத்தை, ராமசாமிங்கறது நம்ம குலசாமிங்களா?"