கடலுக்கடியில் ஓர் ஆலமரம்

ஒரு காட்டில், அதுவும் மரங்களுக்குப் பஞ்சமே இல்லாத காட்டில், பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் ஆலமரம் செய்துகொண்டிருந்தார்கள். ஆண்டு விழாவுக்கு ஓர் இசை நாடகம். மீன் இளவரசியின் கதை. முதல் காட்சி காட்டில்; மீதி ஐந்தும் கடலுக்கடியில்.

செட் போடும் பொறுப்பு எட்டாம் வகுப்பு அணில் அஞ்சுகத்துக்கும் முள்ளம்பன்றி கூர்வேலுக்கும். அஞ்சுகம் வாலைப் பெயின்ட்டில் தோய்த்து இலைகளைத் தீட்டினாள். கூர்வேல் உதிர்ந்த முள்ளை வைத்து அடிமரத்தின் வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் கீறினான். விளையாட்டுப் பீரியடைக்கூட விட்டுவிட்டு வேலை பார்த்தார்கள்.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மரம் முடிந்தது. மறுநாள் வந்து பார்த்தால், பூரணி என்ற மணிப்புறா அதில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

“நிஜ மரம்னே நினைச்சுட்டாங்க!” கூர்வேலுக்குக் கண் கலங்கிவிட்டது. “எல்லாம் என் அடிமரத்தைப் பார்த்துதான்.”

“அடிமரமா? என் இலையைப் பார்த்துடா!”

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் புறாவிடமே போனார்கள்.

“அக்கா, எங்க மரத்துல உங்களுக்கு எது பிடிச்சுது?”

“எந்த மரம்?” பூரணி எட்டி முன்பக்கம் பார்த்தாள். “அட, இந்தப் பக்கம் படமெல்லாம் போட்டிருக்கீங்களா! பின்னால குறுக்கே ஒரு கட்டை அடிச்சிருந்துச்சு. காத்தும் வரலை. உட்கார்ந்துட்டேன்.”

அன்றிலிருந்து இருவரும் மறுபடி பேசிக்கொண்டார்கள். புலம்புவதற்கு ஆள் வேண்டுமே.

ஆனால் பெரிய சிக்கல் இனிமேல்தான். இரண்டாம் காட்சிக்கு மரத்தை அகற்ற வேண்டும். தலைமை ஆசிரியர் யானை குன்றையன் சார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“முட்டை இருக்கிற மரத்தை அசைக்கக் கூடாது. அசைக்கணும்னா மூணு பிரதியில மனு. புறா கையெழுத்துப் போடணும்.”

“அது அட்டை மரம் சார்!”

“மனுவுல அதுக்குக் கட்டம் இல்லையேம்மா.”

பூரணியிடம் மனுவை நீட்டினார்கள். “குஞ்சு பொரியட்டும். எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன்” என்றாள்.

வேறு வழியில்லை. விழாவன்று முதல் காட்சி முடிந்து திரை விழுந்ததும், மரத்தின் விழுதுகளில் காகித மீன்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மறுபடி திரை விலகியது. கடலுக்கடியில் ஆலமரம்! முன்வரிசைக் குரங்குகள் சிரித்தே விழுந்தன. அஞ்சுகம் திரைக்குப் பின்னால் வாலால் முகத்தை மூடிக்கொண்டாள். “யாரும் நம்மளைப் பார்க்கலை” என்று தேற்றினான் கூர்வேல். அவனும் கண்ணைத் திறக்கவில்லை.

மீன் இளவரசியாக நடித்த நீர்நாய் உச்சஸ்தாயியைத் தொட்டது. அப்போது மரத்தில் ‘கீச்’ என்று ஒரு சத்தம். கூடவே இன்னொரு ‘கீச்’. இரண்டு சிவந்த குஞ்சுகள் அட்டைக்கு மேலே தலையை நீட்டின. கூட்டம் இளவரசியை மறந்து எழுந்து நின்றது. கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆயிற்று.

‘சிறந்த அரங்க அமைப்பு’ விருது பூரணிக்குப் போனது. “கொஞ்சமும் எதிர்பார்க்கலை. அடுத்த வருஷம் இன்னும் சிறப்பா செய்யறேன்” என்று அவள் ஏற்புரை வழங்கினாள். தரையில் சிந்திய பெயின்ட்டைத் துடைத்ததற்காக அஞ்சுகத்துக்கும் கூர்வேலுக்கும் குன்றையன் சார் மேடையிலேயே நன்றி சொன்னார். இன்னும் துடைத்திருக்கவில்லை என்பதால், இருவரும் கந்தல் துணி தேடிப் போனார்கள்.

நீதி: கலைத்துறையில் பெயரெடுக்க விரும்புவோர் வரையப் பழகி நேரத்தை வீணாக்க வேண்டாம், சரியான நாளில் முட்டை பொரிக்கப் பழகினால் போதும்.