பதினாறு டிகிரியில் சம்பந்தியம்மா

கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் ஒரு கோளாறு உண்டு. வாயால் ஒரு வரியில் சொல்லி முடிக்க வேண்டியதைக் கையால் செய்து காட்டக் கிளம்பிவிடுவார்கள். நான் அப்படிக் கிளம்பியதில்தான் சிதம்பரத்துச் சம்பந்தியம்மா எங்கள் வீட்டு அறைக்குள் பதினாறு டிகிரி குளிரில் மாட்டிக்கொண்டார்கள்.

கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துக் காட்டுவது என் வேலை. பத்தாவதோடு படிப்பு முடிந்தது. (பேச்சு அதற்கும் முன்பே முடிந்துவிட்டது என்பாள் என் மனைவி சுமதி.) கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலைதான். நாம் வாயைத் திறக்க வேண்டாம். புடவையை விரித்துப் போட்டால் அதுவே பேசிக்கொள்ளும்.

எங்கள் ஒரே மகள் கவிதாவைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி அங்கே பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவர் பேசிவிடுவார். கவிதாவுக்கு அவர்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. வளையல் அடுக்கி, சாப்பாடு முடிந்து, வழக்கப்படி பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு நாங்கள் கிளம்ப வேண்டிய நேரத்தில் சம்பந்தியம்மா மெல்ல ஆரம்பித்தார்கள்.

"கத்திரி வெயில் வருதே சம்பந்தி. உங்க வீடு மொட்டமாடிக்கு நேர் கீழ. புள்ளத்தாச்சி எப்பிடித் தாங்குவா? இங்கயே இருக்கட்டுமே. இங்க ஏசி இருக்கு."

'எங்கள் பெண் எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள்' என்று நான் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயசத்தைப் பார்த்தேன். பெண் இல்லாமல் பஸ் ஏறினோம்.

வழியெல்லாம் சுமதி ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். கடலூர் செம்மண்டலத்தில் இறங்கும்போது மட்டும் ஒன்று கேட்டாள்.

"தலப்பிரசவத்துக்குக்கூட பொண்ணு வரலன்னா, அம்மான்னு நான் எதுக்குங்க இருக்கேன்?"

வீட்டைக் குளிரவைத்துக் காட்டிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்தேன். புடவை பேசுகிற மாதிரி வீடு பேசட்டும்.

சுமதியின் தம்பி பாபு திருவதிகையில் இருக்கிறான். ஏசி மாட்டுகிற வேலை. அவனைக் கூப்பிட்டேன்.

"வெறும் ஏசிய மாட்டிட்டா கரண்ட் பில்லு அழவெச்சிடும் மாமா" என்றான். "மொதல்ல சூடு உள்ள வராம பாக்கணும். அப்புறம் குளிரு வெளிய போவாம பாக்கணும். இது ரெண்டையும் செஞ்சிட்டா சின்ன ஏசியே போதும். இருபத்தாறுல வெச்சிட்டு ஃபேனை மெதுவா சுத்த விடுங்க. ஜம்முனு இருக்கும்."

மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை பெயிண்ட் அடித்தேன். அடுத்த வாரமே எதிர் வீட்டுக்காரர், துணி காயப்போடக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று புகார் சொன்னார். "போட்ட வடாம் காயவே மாட்டேங்குது. வெயிலுக்கே வேலையில்லாம பண்ணிட்டீங்களே!" என்றாள் சுமதி. எனக்கு அது பாராட்டாகவே கேட்டது. கவிதா தங்கப்போகிற அறையின் மேற்கு ஜன்னலை தெர்மாகோல் வைத்து அடைத்து, அதன்மேல் கடையிலிருந்து கொண்டுவந்த கறுப்பு லைனிங் துணியை இழுத்து ஒட்டினேன். பாபு ஏசியை மாட்டிவிட்டுப் போனான்.

மிச்சம் இருந்தது கதவு. நிலைக்கும் கதவுக்கும் நடுவே சந்து இல்லாமல் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். ஒரு சுற்று போதும் என்று பாபு சொல்லியிருந்தான். ஆனால் ரவிக்கைத் துணி கிழிக்கும்போது நாலு விரல் கூட விட்டே பழகிய கை இது. ஒரு சுற்றோடு நிற்குமா? இரண்டாவது சுற்று ஒட்டினேன். சம்பந்தி வீட்டார் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை காலையில், மனசு கேட்காமல் மூன்றாவதும் ஒட்டினேன். பசையைத் தோசைக்கு நெய் விடுகிற மாதிரி தாராளமாக விட்டேன். டப்பாவில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. கூடவே ஒரு ஆள் கட்டை விரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான். (அவனே சிரிக்கும்போது நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.)

மத்தியானம் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் மட்டும் வந்தார்கள். சம்பந்தி சோபாவில் உட்கார்ந்து, பித்தளை விலையைப் பற்றி ஆரம்பித்தார். சுமதி சம்பந்தியம்மாவை அறையைப் பார்க்க அழைத்துப் போனாள். வளைகாப்புக்குப் பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டிலில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்தார்கள். இருபத்தாறு என்று பாபு சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் இருபத்தாறில் என்ன பெருமை? பதினாறில் வைத்தேன். "கூலிங் போயிடும்" என்று முனகிக்கொண்டே வெளியே வந்து கதவை அழுத்திச் சாத்தினேன். ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

போய்க் கைப்பிடியை இழுத்தேன். கதவு அசையவில்லை. பசை காய்ந்து, கதவும் நிலையும் ஒன்றாகிவிட்டிருந்தன.

"தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று சம்பந்தி வந்தார். பாத்திரம் தூக்கிப் பழகிய கை. காலை ஊன்றி ஒரே இழுப்பு. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அவர் சோபாவில் போய் விழுந்தார்.

நான் ரிமோட்டை எடுத்து மூடிய கதவுக்கு நேராக நீட்டி அழுத்தினேன்.

"கதவுக்கு இந்தாண்டேருந்து அமுக்கினா எப்பிடி சம்பந்தி?" என்றார் அவர், விழுந்த இடத்திலிருந்தே.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஜன்னலைத்தான் கறுப்புத் துணி போட்டு அடைத்திருக்கிறேனே, அறை கும்மிருட்டாகிவிட்டது. உள்ளே இரண்டு அலறல்கள். பயந்துபோய் மறுபடி போட்டேன். ஏசியும் தானாக ஓட ஆரம்பித்தது. அதே பதினாறில். பெண்கள் இருவரின் செல்போன்களும் ஹாலில் கிடந்தன. கதவில் காதை வைத்தால் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அவ்வளவு அருமையாக அடைத்திருந்தேன்.

பிறகு தட்டுவதும் நின்றுபோனது. அதுதான் என்னைக் கலக்கியது. இனிமேல் கவிதா இந்த வீட்டு வாசல் பக்கம் வர மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. சம்பந்தி பித்தளை விலையை விட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். இன்னொரு கையில் கைப்பிடி.

போன் செய்து வரச்சொன்ன பாபு பைக்கில் வந்து சேர்ந்தான்.

"ரூமை அடைக்கச் சொன்னா சீல் வெச்சிருக்கீங்களே மாமா! ஏசிய ஆஃப் பண்ணிங்களா, இல்லியா?"

"எப்பிடிடா பண்றது?"

அவன் ஹால் சுவரில் நான் மாட்டியிருந்த காலண்டரைத் தூக்கினான். பின்னால் ஏசியின் சுவிட்ச் இருந்தது. அணைத்தான். பிறகு ரம்பத் தகட்டைச் சந்தில் விட்டு ரப்பரை அறுக்க ஆரம்பித்தான். மூன்று அடுக்கையும் அறுத்து முடிப்பதற்குள் என்னை அவன் திட்டிய திட்டு, பெரியவனாயிற்றே என்று பார்க்காத திட்டு.

கதவு திறந்தது. குளிர் ஹாலுக்குள் வந்து விழுந்தது.

உள்ளே இருவரும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தார்கள். போர்வை தேடி அலமாரியைத் திறந்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கென்று சுமதி எடுத்துவைத்திருந்த பழைய வேட்டித் துண்டுகள் கட்டிலெல்லாம் பரவிக் கிடந்தன. துவைத்து, சதுரமாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தவை. எப்போது தைத்தாள் என்று எனக்கே தெரியாது. சம்பந்தியம்மா ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா, எவ்ளோ தெச்சி வெச்சிருக்காங்க!" என்றார்கள் தன் வீட்டுக்காரரிடம். பிறகு என்னிடம், "வெயிலெல்லாம் ஒண்ணுமில்ல சம்பந்தி. கவிதா வந்தப்புறந்தான் எங்க வீட்ல பேச்சுச் சத்தமே கேக்குது. அவ கிளம்பிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடுமேன்னுதான் அப்பிடிச் சொல்லிட்டேன்."

"அப்போ நான் பேசுறது?" என்றார் சம்பந்தி.

"அது ரேடியோ."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் புகுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நான் சொல்லிவிட்டேன்: "கவிதா இங்க வரட்டும். நீங்களும் அவ கூட வந்து இருங்க."

சுமதி என்னைப் பார்த்தாள். கதவு பேசியிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டாள்.

கவிதாவும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள். கத்திரி வெயிலில் பேத்தி பிறந்தாள். இருபத்தாறு டிகிரியில், அந்த வேட்டித் துணிகளில்தான் வளர்ந்தாள். இப்போது ஓடுகிறாள்.

அன்று கையில் இருந்த கைப்பிடியோடு சம்பந்தி சிதம்பரத்துக்கே பஸ் ஏறிவிட்டார். திருப்பித் தரவே இல்லை. கடையில் குத்துவிளக்குகளுக்கு நடுவே வைத்திருக்கிறார். இது என்ன சாமான் என்று யாராவது கேட்டுவிட்டால், முழுக் கதையையும் கேட்காமல் அவர்கள் ஒரு டம்ளர்கூட வாங்க முடியாது.

சம்பந்தியம்மா இங்கே வரும்போதெல்லாம் சுமதியும் அவர்களும் அந்த அறைக்குள் போய்விடுவார்கள். அன்று உள்ளே வேறு என்ன பேசிக்கொண்டார்கள் என்று இதுவரை எங்களிடம் சொன்னதில்லை. "கூலிங் போவுது, கதவச் சாத்துங்க" என்று சுமதி குரல் கொடுப்பாள். நான் எழுந்து போவேன். நான் சாத்துவதற்குள் சம்பந்தி வாசலுக்கு ஓடி, தன் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து நிலைக்கும் கதவுக்கும் நடுவே வைப்பார். பேத்தியும் பின்னாலேயே ஓடிவந்து தன் குட்டிச் செருப்பைப் பக்கத்தில் வைப்பாள்.