அடமானத்தில் இருந்த பேச்சாளர்

கைதட்டல் கேட்டுப் பழகியவனுக்கு மூளை கொஞ்சம் லேட்டாகத்தான் வேலை செய்யும். எனக்கு அந்த வயதில் அது வேலை செய்யவே இல்லை. பி.காம். முடித்துவிட்டு, எங்கள் ஒன்றியச் செயலாளர் ஏகாம்பரத்துக்கு மேடைப்பேச்சு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். (சம்பளம் கிடையாது. பிரியாணி உண்டு.) சில கூட்டங்களில் எனக்கும் மைக் கிடைக்கும். அடுத்த தேர்தலில் எனக்கு சீட் நிச்சயம் என்று ஊரில் ஒருவன் நம்பிக்கொண்டிருந்தான். அது நான்.

உத்திரமேரூர் பஜாரில் தாமோதரன் என்பவர் ஒரு நிதி நிறுவனம் நடத்தி வந்தார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., உள்ளே போய் உட்கார்ந்தால் ரோஸ்மில்க். வட்டியோ, எந்த பேங்க்கும் கனவில்கூடக் கொடுக்காத வட்டி. ரிப்பன் வெட்டியவர் எங்கள் ஏகாம்பரம் அண்ணன்; குத்துவிளக்கு ஏற்றியவர் எதிர்க்கட்சியின் ஒன்றியச் செயலாளர். இரண்டு கட்சியும் நம்பும்போது ஜனங்கள் நம்பமாட்டார்களா? நெல் விற்ற காசு, நூறு நாள் வேலையில் சேர்த்த காசு, பெண் கல்யாணத்துக்கு வைத்த காசு எல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்குள் போயிற்று. எங்கள் அப்பா, அதாவது நைனா, திருப்புலிவனத்து நிலத்தில் ஒரு துண்டை விற்று அங்கேதான் போட்டார். போடச் சொன்னவன் நான்.

பிறகு வெளியூர்களில் இதே மாதிரி கம்பெனிகள் வரிசையாக மூடப்படுவதை டி.வி.யில் காட்டினார்கள். எங்கள் ஊரில் முதலில் வட்டி நின்றது. ஆடிட் நடக்கிறது என்றார்கள். பிறகு ஏ.சி. நின்றது. ரோஸ்மில்க் நின்ற அன்றுதான் ஜனங்கள் உஷாரானார்கள். கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. உடனே ஏகாம்பரம் அண்ணன் ஒரு கல்யாண மண்டபத்தில் விளக்கக் கூட்டம் ஏற்பாடு செய்து, என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னா பேசுவியோ தெரியாது. தாமோதரன் தங்கம்னு ஜனங்க நம்பணும். அவன் மேல கைய வெச்சா என் மேல கைய வெச்சா மாதிரி."

"பணம் கீதா அண்ணே?"

"அதெல்லாம் கீது. நீ பேச்சப் பாரு."

நான் பேச்சைப் பார்த்தேன்.

மறுநாள் காலை மண்டபம் நிரம்பி வழிந்தது. மணமக்கள் உட்காரும் சிவப்பு சோபாவில் தாமோதரன் மாலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஏகாம்பரம் அண்ணன், மறுபக்கம் எதிர்க்கட்சிச் செயலாளர். ஒருவர் போகும் சாவு வீட்டுக்குக்கூட மற்றவர் போகமாட்டார். அன்றைக்குத் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் முதலில் பேசினார். "ஒலகம் பூரா பெரிய பெரிய பேங்குக்கே கஷ்டம் வருது. நம்ம தாமோதரனுக்கு வந்தா தப்பா? கஷ்டத்துல கீற மனுஷன்கிட்டப் போய் பணத்தக் குடு, பணத்தக் குடுன்னு கேக்கறது நியாயமா?"

"அண்ணன் சொன்னத அப்டியே வழிமொழியறேன்" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

கூட்டத்தில் மாகறல் செல்வி அக்கா எழுந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலி வேலைக்குப் போகிறவர். தன் ஊர்ப் பெண்கள் பத்திருபது பேரின் சேமிப்பைத் திரட்டி இங்கே போட்டிருந்தவர்.

"நாங்களுந்தான் கஷ்டத்துல கீறோம். எங்களுக்கு எவன் மேட போட்டுப் பேசறான்?"

மண்டபம் அதிரக் கைதட்டல். ஏகாம்பரம் அண்ணன் கண்ணைக் காட்ட, நான் மைக்கைப் பிடித்தேன்.

"நிதி நிறுவனம் என்பது கட்டடம் அல்ல, நம்பிக்கை! உடம்பில் ரத்தம் ஓடுவதுபோல உங்கள் பணம் ஓடிக்கொண்டிருக்கிறது!" (ஓடிக்கொண்டிருந்தது உண்மைதான். திசைதான் எனக்குத் தெரியவில்லை.) முன்வரிசைக் கட்சிக்காரர்கள் தட்டத் தட்ட எனக்குச் சூடு ஏறியது. கடைசியாக, இரவெல்லாம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த அந்த வசனம்: "ஏமாற்றுகிறவர் உங்கள் முன்னால் வந்து உட்காருவாரா? பாருங்கள், ஓடிப்போகிறவர் முகமா இது?"

கையைப் பின்னால் நீட்டி அப்படியே நின்றேன். கைதட்டல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சோபாவில் மாலை மட்டும் இருந்தது.

"பாத்ரூம் போயிருப்பாரு. நீ பேசிக்கினே இரு, நான் பாத்துட்டு வரேன்" என்று ஏகாம்பரம் அண்ணன் எழுந்தார்.

"நானும் வரேன்" என்று எதிர்க்கட்சியும் எழுந்தது.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். வெளியே கார்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. மைக்கை வைத்துவிட்டு, பந்தி நடக்கும் ஹால் வழியாகப் பின்பக்கம் ஓடினேன். அங்கே கேட்டில் பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் செல்வி அக்கா.

"எங்க தம்பி போற?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி மேடைக்கே வரும். போய் நில்லு."

"அக்கா, நான் அவங்க ஆளு இல்ல."

"இப்பதான ரத்தம் கித்தம்னு பேசின? எங்க பணத்த அவன் வெச்சிக்கினு கீறான். அவன் ஆள நாங்க வெச்சிக்கறோம். பணம் வரட்டும், உன்ன வுட்டுட்றோம்."

மறுபடி மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏகாம்பரம் அண்ணனுக்கு போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். யாரோ சொல்லி நைனா வந்து சேர்ந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

"உங்க புள்ளைய இன்னா பண்ணலாம் நைனா, நீங்களே சொல்லுங்க" என்றார் செல்வி அக்கா.

நைனா என்னை ஒரு முறை பார்த்தார். "எம்பணமுந்தான் போச்சு. நானும் உங்க பக்கந்தான். இவன வுட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அன்றைக்கு நடந்ததில் எனக்கு உண்மையாகவே வலித்தது அது ஒன்றுதான்.

மதியம் மண்டபச் சமையலறையில் உப்புமா கிண்டினார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. "அடமானம் வெச்ச பொருள பட்டினி போடக்கூடாது" என்றார் செல்வி அக்கா.

சாயங்காலம் போலீஸ் வந்தது. ஆளாளுக்குப் புகார் மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதத் தெரிந்தவன் மேடையிலேயே தயாராக நின்றிருந்தான். நைனாவின் மனுவில் ஆரம்பித்து, கை வலிக்க வலிக்க எழுதினேன். செல்வி அக்கா தன்னுடையதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பேச்ச விட எழுத்து தேவல" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

தாமோதரன் பிற்பாடு ஆந்திராவில் பிடிபட்டார். சொத்தை விற்று ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள். நைனாவின் நிலம் திரும்பவில்லை. ஏகாம்பரம் அண்ணனோ, மண்டபக் கூட்டம் நடந்த அடுத்த வாரமே அதே கண்ணாடிக் கதவு முன்னால், மோசடிப் பேர்வழியைக் கைது செய் என்று ஆர்ப்பாட்டம் நடத்தினார். அதற்கும் முந்தின நாள் எனக்கு போன் செய்து, "தம்பி, சூடா ஒரு பேச்சு எழுதிக் குடு" என்றார். பிரியாணி என்றும் சொன்னார். முடியாது என்று வைத்துவிட்டு, வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கெழுதப் போய்விட்டேன்.

சில வருஷம் கழித்து தென்னேரியில் பெண் பார்க்கப் போனோம். நான் மேடையில் தன்னந்தனியாக நின்றதை அன்றைக்கு யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள்; அந்த வீடியோ அந்த வீட்டுக்கும் போயிருந்தது. பெண்ணின் தாய்மாமன் என்னையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தலைவருங்க எல்லாரும் ஓடிட்டாங்கோ. இந்தப் புள்ள ஒருத்தந்தான் நின்னான். ஓடற ஆளு இல்ல இவன். தாராளமா பொண்ணு குடுக்கலாம்."

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நைனா வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன். கல்யாணம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, மருமகளிடம் மறுநாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

இப்போதும் வீட்டில் சண்டை முற்றி நான் மெதுவாக வண்டிச் சாவியை எடுத்தால், என் மனைவி என்னைத் தடுப்பதில்லை. எங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, "அப்பா தண்ணி குடிக்கப் போறாராம். போய் கேட்டப் பூட்டு" என்பாள். கூடத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும் நைனா, பூட்டுச் சாவி தன்னிடம் இருப்பதாகக் குரல் கொடுப்பார்.